பெண்கள் வாசல் அம்மாக்கண்ணு

தலவாக்கலை ரயில் டேசனுக்குக் கீழே, முன்பு மாட்டுப்பட்டி இருந்த சரிவில், செபஸ்தியாம்பிள்ளை முதலாளி படக் கூடாரம் போட்ட சமயத்தில் தேயிலைத் தோட்டத்து ஆட்களுடைய ஓட்டுரிமையைப் பிடுங்கி முடித்திருந்தார்கள். இந்த நாட்டில் உனக்கு ஒன்றும் கிடையாது என்று கொழும்பில் சட்டம் போட்டார்கள். இங்கே ஒருத்தர், வா, உட்கார், ராஜா ராணியைப் பார் என்று கூப்பிட்டார். யார் பேச்சு காதுக்கு இனிக்கும்? ஆண்கள் சம்பளச் சனிக்கிழமைகளில் நனைந்த கம்பளியை மடித்துப் போட்டு மண்தரையில் உட்கார்ந்து, சென்னைப் பட்டணத்திலிருந்து வந்த படங்களை வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார்கள். பெண்கள் மட்டும் ஒருத்தரும் வரவில்லை.

முதலாளிக்கு அது உறுத்திக்கொண்டே இருந்தது. அவரும் தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில், ஓர் ஒற்றையறைக் காம்பராவில் பிறந்தவர்தான். டவுனில் கடை வைத்து, கடைக்கு மேல் கடை வைத்து ஆளானவர். தோட்டத்தில் யார் சொன்னால் எது நடக்கும் என்பது அவருக்கு அத்துப்படி. கூடாரத்துக்குள் இருட்டு, அந்த இருட்டுக்குள் ஆம்பளைகள். லயத்தில் பேச்சுக் கிளம்ப அது போதாதா? சுவர் சுவராக நோட்டீஸ் ஒட்டினாலும் ஒரு பெண் மலையிறங்கி வரப்போவதில்லை. அவர்களுக்குத் தெரிந்த பெண் ஒருத்தி வாசலில் நின்று, 'நான் இருக்கிறேன், அனுப்பு' என்று சொன்னால்தான் வருவார்கள். அப்படி ஒருத்தியைத் தேடிப் போனபோது அகப்பட்டவள் பச்சைக்காட்டுத் தோட்டத்து அம்மாக்கண்ணு.

கொழுந்து பறிக்கிறவள். புருசன் மண்சரிவில் போய்விட்டான், பிள்ளை இல்லை. தனியாக இருக்கிற பெண்ணைப் பற்றி லயத்தில் நாலு பேர் நாலு விதமாகப் பேசுவது வழக்கம். இவளைப் பற்றிப் பேச ஒருவருக்கும் ஒன்றும் கிடைக்கவில்லை. அப்படி ஒரு நேர். அதோடு ஒரு குரலும் இருந்தது. இந்த மலையில் நின்று கூப்பிட்டால் எதிர் மலையில் கூடையோடு நிற்கிறவள் திரும்பிப் பார்ப்பாள். பிள்ளை பெறப் போகிறவளுக்குத் துணை வேண்டுமா, இழவு விழுந்ததைச் சொல்ல வேண்டுமா, அம்மாக்கண்ணுவைத்தான் மேட்டில் ஏற்றிக் கூப்பிடச் சொல்வார்கள்.

முதலாளி அவளிடம் வந்து சொன்னது இதுதான்: "டிக்கட் கிழிக்க எனக்கு ஆள் கெடைக்கும் தாயி. ஒங்க பேருதான் எனக்கு வேணும்."

அவள் யோசித்தாள். பிறகு ஒவ்வொரு காம்பராவாகப் போய்ச் சொன்னாள். "ஞாயித்துக்கெழம மத்தியானக் காட்சிக்கு வாங்க. பொம்பளைங்களுக்குத் தனி வாசல். நான் நிக்கிறேன். வெளிச்சம் இருக்கையிலேயே கூட்டிட்டு வந்து பாலத்துக்கிட்ட விட்டுர்றேன்." சொன்ன சொல் தவறவில்லை. முதல் ஞாயிறு ஏழெட்டுப் பேர் வந்தார்கள். மாரியம்மன் திருவிழா முடிந்த ஞாயிறு, கூடாரத்தில் பெண்கள் பக்கம் இடமில்லாமல் மறைப்புத் துணியை ஆண்கள் பக்கமாகத் தள்ளிக் கட்ட வேண்டியதாயிற்று. முதலாளி சிரித்த சிரிப்பை அன்றைக்குப் பார்த்திருக்க வேண்டும்.

கூடாரம் ஒரு பருவமழையில் பறந்துபோனது. அதே இடத்தில் தகரக் கொட்டகை எழும்பியது. அதில் பெண்கள் பக்கத்துக்கு இடுப்பளவு பலகை மறைப்பும், பக்கவாட்டில் பெண்கள் வாசலும் வைத்துக் கட்டினார்கள். மழை பெய்தால் தகரத்தில் விழும் சத்தத்தில் கதாநாயகன் என்ன சபதம் செய்கிறான் என்பதே கேட்காது. மூடுபனி உள்ளே நுழைந்து திரைக்கு முன்னால் நின்றுகொள்ளும். ஈரப் புல்லில் நடந்து வந்தவர்களின் காலிலிருந்து அட்டை இறங்கிப் பக்கத்தில் இருப்பவர் காலில் ஏறும். இத்தனைக்கும் நடுவில் பெண்கள் அழுதார்கள், சிரித்தார்கள், கெட்ட மாமியாரைத் திட்டித் தீர்த்தார்கள். ஆறு நாளும் கூடை சுமந்த முதுகை அந்த மூன்று மணி நேரம் பலகையில் சாய்த்திருந்தார்கள். தோட்டத்தில் வேறெங்கே அவர்களுக்குச் சாய இடமிருந்தது?

அந்த வாசலில் ஒரு வழக்கம் உண்டாகிவிட்டது. படம் ஓடும்போது தோட்டத்திலிருந்து யாராவது ஆள் தேடி வருவார்கள். தொட்டில் பிள்ளை அடங்கமாட்டேன் என்கிறது, மாமியார் விழுந்துவிட்டாள், மாடு கன்று போடுகிறது. வந்தவர் அம்மாக்கண்ணுவிடம் சொல்ல, அவள் இருட்டைப் பார்த்துக் கூப்பிடுவாள். "மேல் லயத்துச் சின்னராசா பொண்டாட்டி அழகம்மா, வெளிய வா, பிள்ள அழுவுது." திரையில் ராணி மூர்ச்சையாகிக் கிடப்பாள், இங்கே அழகம்மா முணுமுணுத்துக்கொண்டு எழுந்து போவாள். கொட்டகை முழுக்கச் சிரிப்பு. ஆனால் அம்மாக்கண்ணு கூப்பிட்டு எழாதவர் இல்லை. கூப்பிட்டது அவள் என்றால் காரணம் இருக்கும்.

குமரிப் பிள்ளைகள் விசயத்தில் மட்டும் கண்டிப்பு. பெற்றவர்களோ கூடப் பிறந்தவர்களோ வந்தால் ஒழிய வெளியே விடமாட்டாள். மாமா என்றும் மச்சான் என்றும் சொல்லிக்கொண்டு வந்த சில பேர் அவள் வாயில் விழுந்து எழுந்து போனதுண்டு. தோட்டத்தில் வேலை, கொட்டகையில் வேலை என்று இரண்டையும் இழுக்க முடியாமல், தோட்டத்துப் பதிவில் பேரை வெட்டிக்கொண்டு டவுனுக்கே வந்துவிட்டாள். கொட்டகைக்குப் பின்னால் ஒரு சாய்ப்பில் குடியிருந்தாள். காம்பராவை விட்டு வந்ததை அவள் இழப்பாக நினைக்கவில்லை. இத்தனை வீட்டுப் பெண்பிள்ளைகள் என்னை நம்பி வருகிறார்கள் என்ற எண்ணம் அவளுக்குச் சோறும் போர்வையுமாக இருந்தது. அந்தப் பேர் ஒன்றுதான் அவள் சேர்த்து வைத்தது.

ராக்காயி, அம்மாக்கண்ணுவோடு பக்கத்து நிரையில் கொழுந்து பறித்தவள். அவள் புருசன் பழனியாண்டி தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டுகிறவன், குடித்தால் மனுசனில்லை. மூன்றும் பெண்பிள்ளைகள். மூத்தவள் மீனம்மா வயசுக்கு வந்து ஒரு வருசம் ஆகியிருந்தது. எத்தனையோ முறை அம்மாக்கண்ணு கேட்டும் ராக்காயி அவளைப் படத்துக்கு அனுப்பியதில்லை. "அந்த மனுசன் கொன்னுருவாரு" என்பாள். ஐம்பத்தேழாம் வருசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளே மகளைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வாசலுக்கு வந்தபோது அம்மாக்கண்ணுவுக்கு வாயெல்லாம் பல்.

"ஒன்னைய நம்பித்தான் விட்டுட்டுப் போறேன் அம்மாக்கண்ணு. எனக்கு வெறகு பொறுக்கணும்."

"எம் மக மாதிரி பாத்துக்கிறேன். நீ போ."

மீனம்மா முதன்முதலாகப் படம் பார்க்கிற பெண். உள்ளே போகும்போதே கண் இரண்டும் திரையைத் தேடின. அம்மாக்கண்ணு அவளைக் கூட்டத்துக்கு நடுவில் இடம் பார்த்து உட்கார வைத்துவிட்டு வாசலுக்கு வந்தாள்.

இடைவேளைக்கு முன்னால் கணக்கப்பிள்ளை கந்தப்பன் வந்து நின்றார். பச்சைக்காட்டுத் தோட்டத்தில் விடிகாலையில் ஆட்களை நிறுத்தும் பெரட்டுக் களத்தில் பேர் கூப்பிடுகிறவர், யாருக்கு எந்த மலை என்று பிரித்து விடுகிறவர், தோட்டத் துரையின் காதுக்கு மிகப் பக்கத்தில் இருக்கிற வாய். வழக்கமாக முன்வாசலில் வந்து செக்கண்டு கிளாஸ் நாற்காலியில் உட்காருகிற ஆள், அன்றைக்குப் பெண்கள் வாசலில் நின்றார்.

"பழனியாண்டி மக மீனம்மாவக் கூப்பிடு. அப்பன் வெறகு வெட்டுற எடத்துல விழுந்து கால ஒடச்சுக்கிட்டான். ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறாங்க."

இங்கேதான் அம்மாக்கண்ணு தவறினாள். வேறு எவன் வந்து சொல்லியிருந்தாலும், ராக்காயி எங்கே, நீ யார், ஏன் நீ வந்தாய் என்று அவனைக் குடைந்திருப்பாள். ஆனால் பத்துப் பன்னிரண்டு வருசம் விடிகாலைக் குளிரில் அந்த வாய் பேர் சொல்லக் கேட்டு, கேட்டவுடனே 'இருக்கேங்க ஐயா' என்று முன்னால் வந்து நின்று பழகிய உடம்பு அது. கணக்கப்பிள்ளை ஒரு பேரைச் சொன்னால் அந்தப் பேருக்குரியவள் வர வேண்டும். ஏன், எதற்கு என்று யாரும் கேட்டதில்லை. தோட்டத்திலிருந்து பேரை வெட்டிக்கொண்டாலும் பழக்கத்தை வெட்ட முடியவில்லை. புத்தி யோசிப்பதற்குள் வாய் கூப்பிட்டுவிட்டது.

"பழனியாண்டி மக மீனம்மா, வெளிய வா தாயி."

பெண் உடனே வந்தாள். கந்தப்பன் முன்னே நடக்க, அவர் பின்னால் ஓட்டமும் நடையுமாகப் போனாள். மேலே டேசனில் கொழும்பு ரயில் ஊதியது. அது தினமும் அந்த நேரத்துக்கு ஊதுவதுதான்.

காட்சி முடிந்து, பெண்களைப் பாலத்தடியில் விட்டுவிட்டு அம்மாக்கண்ணு நேராகப் பழனியாண்டி காம்பராவுக்குப் போனாள். அவன் வாசல் படியில் இரண்டு காலையும் நீட்டி உட்கார்ந்து வெற்றிலை மென்றுகொண்டிருந்தான். உள்ளேயிருந்து ராக்காயி வந்தாள்.

"மீனா எங்க? ஒங்கூட வரலையா?"

நடந்ததைச் சொன்னதும் ராக்காயி போட்ட கூச்சலில் லயமே திரண்டது. மாரில் அடித்துக்கொண்டாள். மண்ணை வாரி அம்மாக்கண்ணுவின் மேல் இறைத்தாள். "நம்பி விட்டேனே, நம்பி விட்டேனே" என்று அவள் ஓலமிட்டது மற்ற லயங்களுக்கும் கேட்டது. தலையில் விழுந்த மண்ணைத் தட்டிவிடக்கூட அம்மாக்கண்ணுவுக்குத் தோன்றவில்லை. அந்த மண் தனக்குத் தகும் என்றே நின்றாள்.

பொலிசுக்குப் போகலாம் என்று அவள்தான் சொன்னாள். தனியாகவே போனாள். நீ பெண்ணுக்கு யார் என்று சிங்களத்தில் கேட்டார்கள். யாருமில்லை என்றதும், அப்பனை வரச் சொல் என்று அனுப்பிவிட்டார்கள். அப்பன் வரமாட்டேன் என்றுவிட்டான். கோயிலுக்கு முன்னால் பேசித் தீர்த்துக்கொள்ளலாமாம்.

கோயிலுக்கு முன்னால் பேசினார்கள். கந்தப்பன் வெள்ளை வேட்டியோடு வந்து நின்று, "நான் அன்னைக்கு டவுனுக்கே எறங்கல" என்றார், நரம்பில்லாத நாக்கு. அவர் வந்ததைக் கண்டவர் ஒருவரும் இல்லை. திரையைப் பார்த்து உட்கார்ந்திருந்தவர்களுக்குப் பக்கவாட்டு வாசலுக்கு வெளியே நின்றவர் எப்படித் தெரியும்? ஆனால் அம்மாக்கண்ணு கூப்பிட்டதைக் கொட்டகையிலிருந்த அத்தனை பெண்களும் கேட்டிருந்தார்கள். ஒவ்வொருத்தியும் அதை மட்டும் சொன்னாள். பொய் ஒன்றும் சொல்லவில்லை. "நீதானே புள்ள கூப்பிட்ட?" என்று கேட்டார் தோட்டத்துத் தலைவர். ஆமாம் என்றாள். அதோடு வழக்கு முடிந்தது.

கணக்கப்பிள்ளையைக் குற்றம் சொன்னால் அடுத்த நாளே எந்த மலைக்கு விரட்டப்படுவோம் என்பது கூடியிருந்த எல்லோருக்கும் தெரியும். கொட்டகைக்காரியைச் சொன்னால் யாருக்கும் ஒன்றும் ஆகாது. ஆகவே அவள் கொழும்புத் தரகர்களுக்குப் பெண்பிள்ளை பிடித்துக் கொடுக்கிறவள் என்று ஒரு வாரத்துக்குள் முடிவாகிவிட்டது. பழைய கதைகளும் முளைத்தன. அவளைப் பற்றி ஒன்றும் கிடைக்காமல் இத்தனை வருசம் பட்டினி கிடந்த வாய்கள் அல்லவா, இருந்து சாப்பிட்டன. மீனம்மா கொழும்பில் ஒரு பெரிய வீட்டு அடுப்படியில் இருக்கிறாள் என்று பிறகு யாரோ சொன்னார்கள். எந்த வீடு என்று தெரியவில்லை. பழனியாண்டி அந்த வருசமே கங்காணி ஆனான். அதை ஒருவரும் சத்தமாகப் பேசவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் பெண்கள் பக்கப் பலகைகள் காலியாகக் கிடந்தன. அம்மாக்கண்ணு மட்டும் வாசலில் நின்றாள். செபஸ்தியாம்பிள்ளை முதலாளி சில வாரம் பொறுத்தார். பிறகு பல்லைக் குத்திக்கொண்டே சொன்னார்:

"நான் அன்னைக்கே சொன்னேன்ல தாயி, ஒங்க பேருக்காகத்தான் வச்சேன்னு. இப்ப அதுதானே போச்சு."

அவ்வளவுதான், கை கழுவிவிட்டார். அந்த ஆளுக்கு வாழ்வு குறையவில்லை. சில வருசத்தில் தகரத்தைப் பிரித்துவிட்டுக் கல்லால் தியேட்டர் கட்டினார், பல்கனி வைத்து, மின்விசிறி வைத்து. மலைக் குளிரில் மின்விசிறி எதற்கு என்று கேட்காதீர்கள், கொழும்பில் இருந்ததாம். அதில் பெண்கள் வாசல் இல்லை. புருசன் பெண்டாட்டியாகக் குடும்பத்தோடு வரக் காலம் மாறிவிட்டது. காலத்தை அந்தப் பக்கம் தள்ளிவிட்டவள் யார் என்று திறப்பு விழாவில் மாலை போட்டுக்கொண்டவர்கள் ஒருவரும் நினைக்கவில்லை.

அம்மாக்கண்ணு நுவரெலியாவுக்குப் போனாள். அங்கே ஒரு தியேட்டரில் கூட்டிப் பெருக்குகிற வேலை. வெள்ளைக்காரப் படங்கள் ஓடும் இடம், அவளைத் தெரிந்தவர் யாரும் வரமாட்டார்கள். அதுதான் அவளுக்கு வேண்டியதும். அந்தக் குரலை அதற்குப் பிறகு அவள் எடுக்கவே இல்லை. பேசுவதே பக்கத்தில் இருப்பவருக்குக் கேட்டால் உண்டு. தூங்கப் போகும்போதெல்லாம் மனசுக்குள் மீனம்மாவைத் திரும்பத் திரும்ப இருட்டிலிருந்து கூப்பிட்டாள், ஒவ்வொரு முறையும் அந்தப் பெண் நம்பி எழுந்து வந்தாள். பெற்றவளின் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொண்டோமே என்று புழுங்கினாள். என்றைக்காவது அந்தப் பெண்ணைக் கண்டுபிடித்து ராக்காயியின் கையில் ஒப்படைத்துவிட்டால் போதும் என்பதைத் தவிர வேறு ஆசை அவளுக்கு இல்லாமல் போனது.

அறுபத்தைந்தாம் வருசம் ஏப்ரல். கொழும்புப் பணக்காரர்கள் வெயிலுக்குப் பயந்து நுவரெலியாவுக்கு ஏறி வருகிற மாதம். மத்தியானக் காட்சி இடைவேளையில், கவுன் போட்ட இரண்டு பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு ஓர் ஆயா வெளி வராந்தாவுக்கு வந்தாள். பிள்ளைகளோடு சிங்களத்தில் பேசினாள். அம்மாக்கண்ணு துடைப்பத்தைப் போட்டுவிட்டு அவள் முகத்தையே பார்த்தாள். அடையாளம் தெரிய அதிக நேரம் ஆகவில்லை. சாடை அப்படியே பழனியாண்டி.

"மீனா."

அவள் திரும்பினாள். பார்த்தாள். முகத்தில் கோபமும் இல்லை, சந்தோசமும் இல்லை.

"சின்னம்மா, நீங்களா? இங்கயா இருக்கீங்க?"

அம்மாக்கண்ணுவுக்கு அழுகை வந்துவிட்டது. மீனம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "அந்தப் பாவி பேச்சக் கேட்டு ஒன்னயக் கூப்பிட்டு விட்டுட்டேன் தாயி. ஒங்கம்மா அன்னைக்கு அழுத அழுக இன்னும் எங் காதுல இருக்கு. வா, இப்பவே கூட்டிட்டுப் போறேன். தலவாக்கலை பஸ் இருக்கு. ஒங்கம்மா கண்ணுல ஒன்னயக் காட்டிட்டா நான் நிம்மதியாச் சாவேன்."

மீனம்மா சின்னப் பிள்ளையின் மூக்கைத் துடைத்துவிட்டாள். பிறகு நிதானமாகச் சொன்னாள்:

"அம்மா அழுதுச்சா? அம்மா டேசன்ல நின்னுச்சு சின்னம்மா. எந் துணிய மூட்ட கட்டி வச்சுக்கிட்டு. கணக்கப்பிள்ள ஐயா கூட்டிட்டுப் போனதும் அதுதான் என்னைய ரயிலு ஏத்திச்சு. வாயத் தொறந்தா அப்பாவுக்குப் பத்துச்சீட்டு குடுத்து வேலைய விட்டு நிப்பாட்டிருவாங்க, தங்கச்சிகளோட தெருவுல நிக்கணும்னு சொல்லுச்சு. நான் வாயத் தொறக்கல."

மணி அடித்தது. பிள்ளைகள் உள்ளே போக இழுத்தார்கள். "தங்கச்சிகளுக்குக் கல்யாணம் ஆயிருச்சா?" என்று கேட்டாள் மீனம்மா. ரெண்டு பேருக்கும் ஆகிவிட்டதாகத்தான் கேள்வி என்றாள் அம்மாக்கண்ணு. "அப்ப சரி" என்று சொல்லிவிட்டு அவள் இருட்டுக்குள் போனாள்.

மறுநாள் அம்மாக்கண்ணு வேலைக்குப் போகவில்லை. தலவாக்கலைக்குப் பஸ் ஏறி, புதுத் தியேட்டரைத் திரும்பியும் பார்க்காமல் பச்சைக்காட்டுக்கு மலையேறினாள். முந்திய வருசம் இரண்டு அரசாங்கமும் போட்ட ஒப்பந்தத்தால், இந்தியாவுக்குப் போவதா இங்கேயே கிடப்பதா என்று லயமெங்கும் அதே பேச்சாக இருந்தது. அவளை ஒருவரும் வா என்று சொல்லவில்லை. ராக்காயி காம்பராவுக்குள் தனியாக முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். பழனியாண்டி வேலைக்குப் போயிருந்தான்.

"மீனாவப் பாத்தேன்" என்றாள் அம்மாக்கண்ணு. "டேசன்ல நின்னியாமே."

ராக்காயியின் கை நின்றது. கத்துவாள், இல்லையென்று சத்தியம் செய்வாள் என்று எதிர்பார்த்துத்தான் அம்மாக்கண்ணு வந்திருந்தாள். ராக்காயி எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

"நல்லாருக்காளா?"

"இருக்கா."

"அந்த மனுசன் குடிச்சுட்டுத் தொரை பங்களா கிட்டப் போயி கத்திட்டாரு. வேலைய விட்டு நிப்பாட்டுறதுன்னு முடிவாயிருச்சு. கணக்கப்பிள்ளைக்குத் தெரிஞ்ச வீட்டுக்கு ஒரு புள்ள வேணுமாம். அனுப்புனா பேர வெட்டாமக் காப்பாத்தித் தர்றேன்னாரு." ராக்காயி அரிசியைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "நானா அனுப்புனேன்னு தெரிஞ்சா, பெத்த புள்ளைய வித்துத் தின்னவளுன்னு லயத்துல சொல்ல மாட்டாங்களா? மத்த ரெண்டையும் எவன் கட்டுவான்?"

"அதுக்கு எந் தலையிலயா போட்ட?"

"யாரு தலையிலயாச்சும் போடணும்ல. ஒனக்குப் புருசன் இல்ல, புள்ள இல்ல. பேரு கெட்டாலும் ஒன்னோட போயிரும்னு நெனச்சேன்."

அம்மாக்கண்ணு முறத்துக்கு எதிரே தரையில் உட்கார்ந்தாள். ஒன்றுதான் கேட்டாள். "எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே ராக்கு. ஒனக்காக அந்தப் பழிய நானே சொமந்திருப்பேனே."

"சொல்லியிருந்தா நீ அவள வெளிய விட்டிருக்க மாட்ட" என்றாள் ராக்காயி.

அது உண்மை. விட்டிருக்க மாட்டாள்.